அயல்நாட்டுச் சந்தையும் நாஞ்சில் நாட்டு உழவரும்

பழையாற்றின் நீரால் வளம் பெறும் சுசீந்திரம் வட்டாரத்தில் நெல்லும் தெங்கும் வாழையும் அடுத்தடுத்து நிற்கக் காண்கிறோம். ஏத்தன், செந்துளுவன், மட்டி, பாளையங்கோடன் என வாழையிலேயே எத்தனையோ வகைகள் இங்கு உண்டு. இவற்றை விளைவிக்கும் திறமையில் நாஞ்சில் நாட்டு உழவர் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆயினும், குலை வெட்டும் நாளில் விலை சரிந்துவிடின் ஓராண்டு உழைப்பின் பயன் ஒரே காலைப் பொழுதில் கரைந்து போகிறது. நெல்லைப் போலப் பத்தாயத்தில் போட்டு விலை ஏறும் வரை காத்திருக்க வாழைக்குலை இடம் தராது. ஆதலின், விற்பதற்கு எத்தனை சந்தைகள் உளவோ அத்தனைக்கு உழவரின் கை வலுப்பெறும்.

அண்மை ஆண்டுகளில் நமது நாட்டு அரசாங்கம் அயல்நாடுகள் பலவற்றுடன் வர்த்தக ஒப்பந்தங்கள் செய்து வருகிறது. இவற்றைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் படிக்கும்போது, 'டில்லியில் கையெழுத்தாகும் ஓர் ஒப்பந்தத்துக்கும் நம் ஊர் வாழைத் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு?' என்ற கேள்வி எழுவது இயல்பே. தொடர்பு உண்டு. அத்தொடர்பு எத்தகையது, அதனால் விளையும் நன்மை யாது, எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடம் எது, இதில் பஞ்சாயத்தின் பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஆரல்வாய்மொழிச் சவுக்கை கற்பிக்கும் பாடம்

வர்த்தக ஒப்பந்தம் நமக்குப் புதியதன்று. நமது மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன்னர், மன்னராட்சிக் காலத்தில், இது திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் உள்ள திருநெல்வேலிச் சீமையோ பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டது. ஆகவே, இன்று அரை மணி நேரப் பயணத்தில் கடந்து செல்லும் அந்த எல்லை, அக்காலத்தில் இரு நாடுகளின் எல்லையாக விளங்கிற்று. வண்டிச் சரக்கு சவுக்கையில் நின்று தீர்வை செலுத்திய பின்னரே அப்பால் செல்ல முடியும்.

இந்நிலையை மாற்றியது 1865-ஆம் ஆண்டின் ஒப்பந்தம். டி. மாதவராவ் திவானாக இருந்த அந்நாளில், திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா ஆகிய மூன்று அரசாங்கங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரிட்டிஷ் இந்தியச் சரக்குகள் மீது திருவிதாங்கூர் விதித்து வந்த தீர்வை நீக்கப்பட்டது; திருவிதாங்கூர்ச் சரக்குகள் பிரிட்டிஷ் இந்தியத் துறைமுகங்களில் தீர்வையின்றி இறங்க வழி பிறந்தது. ஆனால், இதற்கு ஈடாகத் திருவிதாங்கூர் சிலவற்றை விட்டுக்கொடுக்கவும் நேர்ந்தது. அயல்நாட்டுச் சரக்குகளுக்குப் பிரிட்டிஷ் இந்தியா விதித்த தீர்வையையே தானும் விதிக்க ஒப்பியது. உப்பின் விற்பனை விலையைப் பிரிட்டிஷ் இந்திய விலைக்கு இணையாக வைக்கவும் இசைந்தது. சரக்கு விற்பவருக்குச் சந்தை விரிந்தது. உப்பு வாங்கும் ஏழைக்கோ விலையை முடிவு செய்யும் இடம் வெளியே சென்றது.

இதற்கும் முற்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1741-ஆம் ஆண்டு குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்டவர்மர், 1753-ஆம் ஆண்டில் மாவேலிக்கரையில் அவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். குறித்த விலைக்குக் குறித்த அளவு மிளகு தருவது அதன் முக்கிய ஏற்பாடுகளுள் ஒன்று. மிளகு வாணிகம் அக்காலத்தில் அரசின் தனியுரிமையாக இருந்தமையால், கொடியை வளர்த்தவர் அரசாங்கப் பண்டகசாலைக்கு அரசு குறித்த விலைக்கே மிளகை அளந்தனர். நாடு மிளகால் செல்வம் பெற்றது உண்மை. எனினும், விலை பேசிய இடத்தில் விளைவித்தவருக்கு இருக்கை இல்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் நாம் கொள்ள வேண்டிய கருத்து இதுவே: ஒப்பந்தம் கதவைத் திறக்கும், ஆனால் திறந்த கதவு இரு பக்கமும் வழிவிடும். அதன் வழியே யாருடைய சரக்கு செல்லும் என்பது, சரக்கை உடையவர் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஒப்பந்தம் என்பது யாது?

ஒரு நாட்டின் துறைமுகத்தில் அயல்நாட்டுச் சரக்கு இறங்கும்போது அந்நாடு விதிப்பது இறக்குமதித் தீர்வை. 1995-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் தோன்றிய உலக வர்த்தக அமைப்பின் பொது விதிப்படி, ஓர் உறுப்பு நாட்டுக்குத் தரும் தீர்வைச் சலுகையை ஏனைய உறுப்பு நாடுகளுக்கும் தருதல் வேண்டும். இரு நாடுகளோ சில நாடுகளோ தமக்குள் பெரும்பாலான சரக்குகளுக்குத் தீர்வையை நீக்கிக்கொள்ளும் தடையிலா வர்த்தக ஒப்பந்தம் இவ்விதிக்கு ஒரு விலக்கு ஆகும்.

இலங்கையுடன் இத்தகைய ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் செய்த சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரியில் தொடங்கியது. ஐக்கிய அரபு நாடுகளுடனான ஒப்பந்தம் 2022 மே 1-ஆம் நாளும், ஆஸ்திரேலியாவுடனானது அதே ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாளும் செயற்படத் தொடங்கின. சுவிட்சர்லாந்து, நார்வே முதலிய நான்கு நாடுகளுடனானது 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் சரக்குப் பட்டியல் உண்டு. சில சரக்குகளுக்குத் தீர்வை உடனே நீங்கும். சிலவற்றுக்கு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறையும். சில சரக்குகள் விலக்குப் பட்டியலில் நிற்கும். நமது பால் உற்பத்தியாளரைக் காக்கும் பொருட்டு, ஐக்கிய அரபு நாடுகள், ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகியவற்றுடன் செய்த ஒப்பந்தங்களில் பால் பொருள்களுக்குச் சலுகை தராமல் விலக்கி வைத்திருப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

ஒப்பந்தத்தின் பெரிய நன்மை, தீர்வை குறைவதோடு நின்றுவிடுவதில்லை. இன்று உள்ள தீர்வை நாளையும் இருக்கும் என்ற உறுதியும் அதனால் கிடைக்கிறது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது தீர்வையை 50 சதவிகிதம் வரை உயர்த்தியபோது, அந்நாட்டையே பெரிதும் நம்பியிருந்த இறால் ஏற்றுமதியாளர் உற்ற இடரை நாடறியும். ஒரே சந்தையை நம்புவது ஒரே மடையை நம்பிப் பயிரிடுவதற்கு ஒப்பாகும்.

தீர்வை நீங்கினும் தடை நீங்குவதில்லை

உலகிலேயே மிகுதியாக வாழை விளையும் நாடு இந்தியா. உலக விளைச்சலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நம்முடையது. ஆனால், உலக வாழை ஏற்றுமதியில் நமது பங்கு ஏறத்தாழ ஒரு சதவிகிதமே என்று 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட குறிப்பு கூறுகிறது. உள்நாட்டிலேயே மிகுதியாக உண்கிறோம் என்பது இதற்கு ஒரு காரணம். தீர்வையைக் காட்டிலும் கடுமையான வேறு தடைகள் இருப்பது மற்றொரு காரணம்.

கனடா நாட்டுக்கு நமது வாழைப்பழம் செல்ல 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. அதற்கு வழி செய்தது தீர்வைக் குறைப்பு அன்று. நமது வாழையைத் தாக்கும் பூச்சிகள், நோய்கள் பற்றிய விவரங்களை நம் அரசாங்கம் அந்நாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் அளித்து, அவர்கள் மனநிறைவு அடைந்த பின்னரே அனுமதி பிறந்தது.

இதற்கு எதிரான நிகழ்ச்சியும் உண்டு. 2013-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சென்ற இந்தியக் காய்கனிச் சரக்குகளுள் 207 தொகுதிகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டன. விளைவாக, 2014 மே 1-ஆம் நாள் முதல் மாம்பழம், கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகிய ஐந்துக்கும் அங்கே தடை விதிக்கப்பட்டது. நம் நாட்டில் சோதனை முறைகளும் பூச்சி நீக்கும் ஏற்பாடுகளும் திருத்தப்பட்ட பின்னர், 2015-ஆம் ஆண்டில் மாம்பழத்துக்குத் தடை நீங்கியது. சிலருடைய கவனக்குறைவு நாட்டிலுள்ள எல்லா விவசாயிகளின் சரக்கையும் தடுத்து நிறுத்தும் என்பதை இது காட்டுகிறது.

பூச்சியை விடக் கடினமானது பூச்சிமருந்தின் எச்சம். தனியாக அளவு குறிக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். இதை நம் கணக்கில் கூறினால், ஒரு லட்சம் கிலோ காயில் ஒரு கிராம் மருந்து! வாழைக்குப் பழக்கமான குளோர்பைரிபாஸ் மருந்துக்கு அங்கே 2020-ஆம் ஆண்டில் ஒப்புதல் மறுக்கப்பட்டு, அதன் எச்ச அளவும் இந்த எல்லைக்கே குறைக்கப்பட்டது. பக்கத்துத் தோட்டத்தில் தெளித்த மருந்து காற்றில் வந்து படிந்தாலும் சோதனைச் சாலையில் அது வெளிப்பட்டுவிடும்.

மருந்தைக் குறைப்பதால் நமக்கு வேறொரு நன்மையும் உண்டு. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைத் தொகுதி 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதுவும் 1971-ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு நகரொன்றில் உருவான அயல்நாட்டு உடன்படிக்கைதான். குளத்து நீரைக் கெடுக்காத தோட்டமே ஏற்றுமதிச் சோதனையிலும் எளிதில் தேறும் தோட்டம்.

ஒரு கண்டெய்னருக்கு எத்தனை தோட்டம்?

இனி, அளவைக் கணக்கிடுவோம். கடல் வழியே வாழைக்காய் செல்வது 13 முதல் 14 டிகிரி வெப்பநிலையில் வைக்கப்படும் குளிர்பதனக் கண்டெய்னரில். 40 அடிக் கண்டெய்னர் ஒன்றில் ஏறத்தாழ 20 டன் ஏற்றலாம். ஒரு குலையில் ஏற்றுமதிக்குத் தேறும் காய் 10 கிலோ என்று கொண்டால், 2,000 குலைகள் வேண்டும். ஏக்கருக்கு 1,000 வாழை என்றால், இது 2 ஏக்கரின் முழு விளைச்சல். ஆனால், தோட்டத்துக் குலைகள் எல்லாம் ஒரே வாரத்தில் முற்றுவதில்லை. ஒரு வாரத்தில் பத்தில் ஒரு பங்கு பருவத்துக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கண்டெய்னரை நிரப்ப 20 ஏக்கர் வேண்டும். அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் உடைய நம் ஊர்களில் இது 20 முதல் 40 விவசாயிகளின் நிலம்.

ஆகவே, தனி ஒருவர் எவ்வளவு நன்றாக விளைவித்தாலும் கடல் கடந்த சந்தையை எட்டுதல் அரிது. ஒரே வகைக் கன்றை, ஒத்துக்கொண்ட நாட்களில், பலர் சேர்ந்து நட்டால்தான் ஒரே பருவமுள்ள காய் ஒரே வாரத்தில் சேரும். அக்காயையும் முக்கால் பருவத்தில் வெட்டி, தரையில் படாமல் சுமந்து, சீப்புகளாகப் பிரித்து, பால் கறை போகக் கழுவி, பெட்டியில் அடுக்குதல் வேண்டும். உரசிக் கறுத்த காயை உள்ளூர்ச் சந்தை மன்னிக்கும். அயல்நாட்டுக் கடை மன்னிக்காது.

இது ஆகாத காரியமன்று. 2021-ஆம் ஆண்டில் கேரளத்து ஏத்தன் காய்கள் கொச்சியிலிருந்து கடல் வழியே லண்டனுக்குச் சோதனையாக அனுப்பப்பட்டன. திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அதற்கான முறைகளை வகுத்து உதவியது. நாம் விளைவிப்பதும் அதே ஏத்தன்தான். தூத்துக்குடித் துறைமுகம் ஒரு பக்கமும், 2025 மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் மறுபக்கமும், திருவனந்தபுரம் விமான நிலையம் அருகிலும் அமைந்திருப்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. ஆனால், அக்குறியீடு அந்தப் பெயரை நம் நாட்டுக்குள் காப்பது. அயல்நாட்டில் தானாகவே பாதுகாப்புத் தருவதன்று. பெயருக்கேற்ற பண்டம் இடைவிடாது கிடைத்தால்தான் பெயருக்கு விலை உண்டு.

உள்ளே வரும் சரக்கு

திறந்த கதவின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் மிளகு தீர்வையின்றி வரத் தொடங்கியதும், நம் நாட்டு மிளகு விலைக்கு ஊறு நேரும் என்ற அச்சம் எழுந்தது. பின்னர், ஆண்டுக்கு 2,500 டன் வரையே அச்சலுகை என வரம்பு கட்டப்பட்டது. வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் வருகிறது என்று விவசாயிகள் முறையிட்டனர். 2017 டிசம்பரில், கிலோவுக்கு ரூ. 500-க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி ஆகாதவாறு அரசாங்கம் ஆணையிட்டது. எந்த நாட்டில் விளைந்த சரக்கு என்பதற்கு இறக்குமதி செய்வோரே ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நமது மாவட்டத்து மலைத் தோட்டங்களில் விளையும் கிராம்பும் இத்தகைய போட்டியைச் சந்திக்கிறது. புவிசார் குறியீடு பெற்றதாயினும், இலங்கையிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வரும் கிராம்புடன் அது போட்டியிட வேண்டியுள்ளது. தெங்கின் நிலையும் கருதத்தக்கது. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியால் நிறைவேறுகிறது. அதில் பெரும்பங்கு பாமாயில். ஆசியான் ஒப்பந்தத்தில் பாமாயில் தீர்வை படிப்படியாகக் குறைய இடமளிக்கப்பட்டது. ஆனால், அதே ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பர் விலக்குப் பட்டியலில் நின்றது. மேற்குப் பகுதி வட்டங்களின் ரப்பர் விவசாயிகளுக்கு இது எத்துணைப் பாதுகாப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

எந்தப் பயிர் எந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது என்பது பேச்சுவார்த்தை நடக்கும்போதே முடிவாகிறது. கையெழுத்தான பின்னர் முறையிடுவதை விட, முன்னரே கருத்தைத் தெரிவிப்பது பயன் தரும். மிளகு விவசாயிகள் ஒன்றுபட்டு எழுப்பிய குரலே அவர்களுக்கு வரம்பையும் விலைக் காப்பையும் பெற உதவியது என்பதை மறத்தலாகாது.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

ஒப்பந்தம் செய்வது மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. எனினும், அதன் பயனை ஊருக்குக் கொண்டுவரும் வேலையில் பஞ்சாயத்துக்குப் பின்வரும் பணிகள் உண்டு.

முதலாவது, பயிர்க் கணக்கு. ஊரில் எந்த வகை வாழை எத்தனை ஏக்கரில், எந்த மாதத்தில் நடப்படுகிறது என்ற பட்டியல் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். வாங்க வருவோர் கேட்கும் முதற்கேள்வி இதுவே.

இரண்டாவது, மருந்துக் குறிப்பேடு. எந்த நாளில் எந்த மருந்து எவ்வளவு தெளிக்கப்பட்டது, தெளித்த பின் எத்தனை நாள் கழித்துக் குலை வெட்டப்பட்டது என்பதை ஒவ்வொரு விவசாயியும் எழுதி வைக்கப் பழக வேண்டும்.

மூன்றாவது, சிறு விவசாயிகளை உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக ஒன்றுசேர்த்தல். ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண் பெறுதல், அபீடா ஆணையத்தில் பதிதல், பயிர் நலச் சான்றிதழும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழும் வாங்குதல் ஆகியவை தனியாளுக்குப் பெருஞ்சுமை. நிறுவனத்துக்கு அன்றாட வேலை. உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் இல்லையேல் ஒப்பந்தத்தின் தீர்வைச் சலுகை கிடைக்காது. நம் மண்ணிலேயே விளைந்த பொருளாதலின் அதை மெய்ப்பிப்பது உழவருக்கு எளிது. ஆனால் தோட்டக் கணக்கு இருத்தல் வேண்டும்.

நான்காவது, பொது வசதி. கழுவும் தொட்டியும் அடுக்கும் கொட்டகையும் நல்ல நீரும் உள்ள ஓர் இடம் ஊருக்கு ஒன்று வேண்டும் என்பதில்லை. நான்கைந்து பஞ்சாயத்துகளுக்குப் பொதுவாக ஒன்று அமையினும் போதும்.

ஐந்தாவது, ஊரின் கருத்தைத் தெரிவித்தல். புதிய ஒப்பந்தம் பற்றிய பேச்சு நடக்கும் செய்தி வந்தால், நம் பயிர்களுள் எதற்குச் சந்தை வேண்டும், எதற்குக் காப்பு வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானித்து, மாவட்ட ஆட்சியர் வழியாக அரசாங்கத்துக்கு அனுப்பலாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். ஏற்றுமதி ஆசையால் நெல்வயலை எல்லாம் வாழைத் தோட்டமாக்குதலும், விளைச்சல் முழுவதையும் ஒரே வாங்குவோருக்கு ஒப்படைத்தலும் அறிவுடைமையாகா. தேர்ந்த காய் கடல் கடக்கட்டும். ஏனையது வடசேரிச் சந்தைக்கும் கேரளத்துக்கும் சென்றுகொண்டே இருக்கட்டும். குழந்தைகளுக்கு ஊட்டும் மட்டிப் பழம் நம் ஊர்க் கடையில் கிடைக்காத நிலை வரலாகாது.

ஆராய வேண்டிய வினாக்கள்

கிராம சபையிலும் விவசாயிகள் கூட்டத்திலும் பின்வருவனவற்றை எடுத்துப் பேசலாம்.

1. நம் ஊரில் ஒரே வாரத்தில் ஒரே பருவமுள்ள 2,000 குலைகள் சேர்க்க இயலுமா? இயலாதெனின் எந்த அண்டை ஊர்களுடன் சேர வேண்டும்?

2. நாம் இப்போது தெளிக்கும் மருந்துகளுள் அயல்நாடுகள் விலக்கியவை எவை? அவற்றுக்கு மாற்று யாது?

3. நம் பயிர்களுள் இறக்குமதியால் விலை குறையக்கூடியது எது? அதற்கு எத்தகைய காப்பு வேண்டும்?

4. கழுவி அடுக்கும் கொட்டகைக்கு ஏற்ற பொது இடம் எங்குள்ளது?

இவற்றுள் முதலிரண்டு வினாக்களுக்கு விடை காண அரசாங்கத்தின் அனுமதியோ பணமோ தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பத்து விவசாயிகளின் ஒற்றுமையும் போதும். வரும் கார்ப்பருவத்துக்குள் மருந்துக் குறிப்பேடு எழுதத் தொடங்கும் ஊர், அடுத்த ஆண்டு சரக்கு கேட்டு வருவோரிடம் வெறுங்கையுடன் நிற்காது. தீர்வைக் கதவைத் திறக்கும் வேலை டில்லியில் நடக்கிறது; அதன் வழியே செல்லத் தகுந்த குலையை ஆயத்தம் செய்யும் வேலை பழையாற்றங்கரையில் நடைபெற வேண்டும்.